பத்துமலைக் கதவுச் சிலந்தியின் முகவரி

கேள்வி இது: "தைப்பூசத்துக்குப் பத்துமலை போயிருந்தபோது, இந்த மலைக்குள் உலகத்திலேயே அரிதான கதவுச் சிலந்தி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் மூடி போட்ட பொந்து பார்த்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா? இந்தச் சிலந்திகள் வேறு எங்கெல்லாம் இருக்கின்றன?"

சிலந்தி இருப்பது உண்மை. "உலகத்திலேயே அரிதானது" என்பது வழிகாட்டிகள் தூவிய மசாலா. யாரும் தலையெண்ணிப் பார்த்துச் சொன்ன பேச்சில்லை. உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைப் பொந்துக்காரர் வேறு ஆள். இரண்டுக்கும் உறவு சொல்ல வேண்டுமென்றால் முப்பது கோடி ஆண்டுக்கும் முன்னால் போய்த் தேட வேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், கதவு போடுவது ஒரு தொழில். ஊரில் தச்சு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா என்ன? அதேபோல மண்ணில் குழி தோண்டி, உள்ளே நூலால் பூசி, வாயில் கீல் வைத்த மூடி போட்டு, மூடிக்குக் கீழே உட்கார்ந்து வேட்டையாடும் சிலந்திகள் பல குடும்பங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கண்ணில் படுபவற்றில் இடியோபிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை உண்டு. அதில் ஒரு பேரினத்தின் பெயர் இடியாப்ஸ் (இடியாப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). அந்தக் குடும்பம் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா வரை பரவிக் கிடக்கிறது. பத்துமலைச் சிலந்தியின் குடும்பம் லிபிஸ்டியிடே. இதன் ஆட்கள் ஆசியாவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் மட்டும்தான் இருக்கிறார்கள். இந்தியாவில் கிடையாது.

சரி, இந்தக் குடும்பத்தில் அப்படி என்ன தனி என்று கேட்டால், முதுகைப் பாருங்கள் என்பேன். உலகில் பெயர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 2022இல் 50,000ஐத் தாண்டிவிட்டன. அத்தனையிலும் வயிற்றின் மேல்பக்கம் தேளுக்கு இருப்பதுபோல வரிசையாகத் தகடு தகடாக அடுக்கியிருப்பது இந்த ஒரு குடும்பத்துக்குத்தான். மற்றச் சிலந்திகளின் வயிறு வழுவழுப்பான பை. இதை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது.

அடுத்தது நூல் விடும் உறுப்புகள். வீட்டுச் சுவரில் ஊரும் எட்டுக்கால் பூச்சியைக் கவனித்திருப்பீர்கள், நூல் வால் நுனியிலிருந்து வரும். இவற்றுக்கு அந்தக் காம்புகள் வயிற்றின் அடிப்பக்கம், நட்டநடுவில் இருக்கின்றன. பசு மடிபோல என்று என் மாணவன் ஒருவன் சொன்னான். அதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. நுனியில் இல்லாமல் நடுவில் இருப்பதால் நூலை வீசிக் காற்றில் வலை கட்டும் வேலைக்கு இவை லாயக்கில்லை. வயிற்றைத் தரையோடு அழுத்தித் தேய்த்து ஒட்டத்தான் வரும். பூச்சு வேலை, மெழுகு வேலை. கதவு செய்ய அது போதும்.

அந்தக் கதவை ஒரு முறை முழங்கால் போட்டுப் பார்த்த கதையைச் சொல்கிறேன். பினாங்குக் கொடிமலையில், ரயில் ஏறாமல் நடந்து போகும் பாதை ஒன்றில், பாதை வெட்டிய பக்கத்து மண்மேடு. பாசி, சின்னப் பெரணி, ஈரம். பகல் முழுக்க அந்த மேட்டை வெறித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்ததும் டார்ச்சை நேராக அடிக்காமல் மேட்டோடு ஒட்டிச் சாய்வாக அடித்தேன். அப்போது தெரிந்தது முதலில் கதவு அல்ல, நூல்கள். ஓர் இடத்திலிருந்து கீழ்நோக்கி விசிறிபோல ஆறேழு நூல், ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம், மண்ணோடு படிந்து கிடந்தன. அவை ஒன்றுசேரும் இடத்தில் பாசி படர்ந்த ஒரு மூடி, பழைய ஐம்பது சென் காசு அளவு. கீல் மேல்பக்கம். விளிம்பில் ஒரு மயிரிழைக்குத் திறந்திருந்தது.

ஓர் ஈர்க்குச்சியின் நுனியால் கடைசி நூலை லேசாகச் சுண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் உள்தள்ளி இன்னொரு நூலைத் தொட்டேன். மூடி பட்டென்று எழுந்தது, இரண்டு பழுப்புக் கால்கள் குச்சியைப் பிடித்தன, விட்டன, மூடி விழுந்தது. என் கண் புரிந்துகொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பின்னங்கால்கள் கடைசி வரை வாசலுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும், உடம்பு பாதிக்குமேல் வெளியே வரவில்லை. அப்புறம் எத்தனை முறை சுண்டினாலும் அசையவில்லை. ஏமாந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டது.

அந்த நூல்கள்தான் இதன் கண், காது எல்லாம். தலையில் எட்டுக் கண்ணும் ஒரு சிறு மேட்டில் கூட்டமாக இருக்கின்றன, ஆனால் வேட்டைக்கு அவற்றை நம்பி இது இல்லை. மூடிக்குப் பின்னால் இருந்துகொண்டு முன்னங்கால்களை நூல்கள் தொடங்கும் இடத்தில் வைத்திருக்கும். கரப்பானோ சுவர்க்கோழியோ நூலில் கால் இடறினால், இரை எந்தப் பக்கம், எவ்வளவு கிட்டத்தில் என்று அதிர்விலேயே தெரிந்துவிடும். எட்டும் தூரமென்றால் மட்டும் கதவு திறக்கும். இந்த வழிநூல் ஏற்பாடு லிபிஸ்டியஸ் என்ற பேரினத்துக்கு உரியது. சீனா, ஜப்பான் பக்கத்து உறவினர்களுக்கு இது கிடையாது. அவை மூடியை ஒட்டியே காத்திருந்து, பக்கத்தில் வந்ததைப் பிடிக்கின்றன. லிபிஸ்டியஸில் சில பொந்துகளுக்கு இரண்டு வாசல், இரண்டு கதவு. சிலந்திக் குளவி முன்வாசலில் நுழைந்தால் பின்வாசல் இருக்கிறது.

இனி எங்கே வாழ்கின்றன என்ற கேள்விக்கு வருகிறேன். நாட்டின் பெயரில் பதில் சொன்னால்: மியன்மார், தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், மேற்கு மலேசியா, இந்தோனேசியாவின் சுமத்திரா, சீனா, ஜப்பானின் தென்கோடி. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள், புதிது புதிதாக இன்னும் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு தாய்லாந்து முழுக்க இருக்கும் என்று நினைத்தால் தப்பு. நாட்டின் பெயர் இவற்றுக்கு முகவரி ஆகாது. எந்த மலை, அந்த மலையில் எந்தச் சரிவு, அதில் எந்த மேடு என்று கேட்க வேண்டும்.

காரணம் எளிது. சிலந்திக் குஞ்சுகள் பல, பிறந்த சில நாளில் உயரமான இடத்தில் ஏறி, ஒரு நூலைக் காற்றில் விட்டு, பட்டம்போலப் பறந்து போய்விடும். கடல் தாண்டித் தீவுகளில் இறங்குவதும் உண்டு. கோனோத்தீலி என்ற ஒரு கதவுச் சிலந்தி (வேறு குடும்பம்) பசிபிக் தீவுகள் வரை போயிருக்கிறது. நம் லிபிஸ்டியிடே குஞ்சுகளுக்கு அந்தப் பறக்கும் பழக்கம் இல்லை. தாயின் பொந்தைவிட்டு வெளியே வந்தால் நாலடி நடந்து, அங்கேயே ஒரு சின்னக் குழி தோண்டி, சின்ன மூடி போட்டுக்கொள்ளும். பெண்ணாக இருந்தால் அநேகமாக ஆயுசு முழுக்க அதே குழியை அகலப்படுத்திக்கொண்டு அங்கேயே இருக்கும். ஆண் மட்டும் வயதுக்கு வந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பிப் பெண்ணைத் தேடி அலையும், சில மாதத்தில் செத்துப்போகும். பெண்ணுக்கு ஆயுள் பல ஆண்டு. பருவம் வந்த பிறகும் தோல் உரித்துக்கொண்டே இருக்கும்.

இப்படி இருந்தால் என்ன ஆகும்? நடுவில் ஓர் ஆறு, ஒரு சமவெளி, ஒரு கடல் கால்வாய் வந்தால் போதும், அந்தப் பக்கம் போன கூட்டமும் இந்தப் பக்கம் நின்ற கூட்டமும் மறுபடி சேராது. காலம் போகப்போகத் தனித்தனி இனமாகிவிடும். அதனால்தான் ஊர்ப்பெயர்களாகவே இவற்றின் பெயர்கள் இருக்கின்றன. லங்காவியில் ஒன்று, அதன் பெயரே லிபிஸ்டியஸ் லங்காவி. பேராக்கில் கோப்பேங் பக்கத்துத் தெம்புருங் குகையில் ஒன்று, லிபிஸ்டியஸ் தெம்புருங். தாய்லாந்தில் திராங் ஊர்ப் பெயரில் ஒன்று. பினாங்கு போன்ற ஒரு சிறிய தீவிலேயே இரண்டு இனம். இந்தக் குடும்பத்தில் அறிவியலுக்கு முதலில் தெரியவந்ததும் பினாங்குக்காரர்தான்: டென்மார்க்கைச் சேர்ந்த ஷியோட்டே 1849இல் பெயரிட்ட லிபிஸ்டியஸ் டெசல்டர்.

ஜப்பானில் கியூஷு தீவின் தெற்கே, ககோஷிமா நகரில், கிமுரா என்ற இளைஞர் 1920இல் ஒன்றைப் பிடித்தார். பின்னாளில் அவர் தாவரவியலாளர் ஆனார், சிலந்திக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஜப்பானியர் இன்றும் அதைக் "கிமுராகுமோ" என்கிறார்கள், கிமுராவின் சிலந்தி. பாதையோர மண்சுவர், கோயில் சரிவு என்று மனிதர் நடமாடும் இடத்திலேயே அது இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ஓகினாவா வரை உள்ள தீவுத் தொடரில் தீவுக்குத் தீவு உறவினர்கள் மாறுகின்றன. அந்தத் தீவுகள் ஒரு காலத்தில் ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டியிருந்தபோது நடந்தே போனவை, கடல் வந்து பிரித்த பின் அங்கங்கே தங்கிவிட்டன. கடலைத் தாண்டியது சிலந்தியல்ல, சிலந்தியைச் சுற்றிக் கடல் வந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த புதிர் போர்னியோ. சுமத்திராவில் இருக்கிறது, மலேசியத் தீபகற்பத்தில் இருக்கிறது, சபா சரவாக்கில் இல்லை. பனிக்காலங்களில் கடல் மட்டம் இறங்கியபோது இவை எல்லாம் ஒரே நிலமாகத்தானே இருந்தன, நடந்து போயிருக்கலாமே? யானைக்கும் புலிக்கும் அது நிலம். ஆனால் நம் சிலந்திக்குத் தேவை சரிவான, ஈரம் காயாத, வெள்ளம் நிற்காத களிமண் மேடு. இடையில் இருந்தது பெரும்பாலும் தாழ்ந்த சமவெளி. சதுப்பும் மணலும் நூற்றுக்கணக்கான மைல் கிடந்தால், தலைமுறைக்கு நாலடி நகரும் ஒரு பிராணிக்கு அது கடலுக்குச் சமம். இது என் கணிப்பு.

இந்தியாவில் இல்லாததற்கும் கிட்டத்தட்ட அதே தர்க்கம்தான். இந்திய நிலப்பகுதி நெடுங்காலம் தனித் தீவாக மிதந்து வந்து பிறகுதான் ஆசியாவோடு முட்டியது. முட்டிய பிறகும் மியன்மாரிலிருந்து மேற்கே நடந்து வர இவற்றுக்கு வாய்க்கவில்லை. நம்முடைய கதவுச் சிலந்திகள் வேறு வழியில் வந்த வேறு வம்சம்.

பத்துமலைக்கு வருவோம். மலாயில் பத்து என்றால் கல். பத்தாவது மலை என்று கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. கோயில் குகைக்கு ஏறும் 272 படிகளில் இருநூறு தாண்டியதும் இடப்பக்கம் இன்னொரு குகை வாய் இருக்கிறது, இருட்டுக் குகை என்பார்கள். மேலே காவடியும் வேலும் போகும் அதே மலைக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குக் கிளைகிளையாகப் போகும் இருட்டு. ஏப்ரகாம் என்பவர் 1923இல் பெயரிட்ட லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் இங்கே இருக்கிறது. பெயரைத் தமிழில் சொன்னால் "பத்துக்காரன்". சிலாங்கூர்ச் சுண்ணாம்புக்கல் குகைகளுக்கு உரியது, உலகில் வேறெங்கும் இல்லை.

குகைக்குள் மண்மேடு ஏது? பாறைதானே. அங்கே இது குழி தோண்டுவதை விட்டுவிட்டு, சுவரிலேயே நூலால் ஒரு குழாய் கட்டி, மேலே மண்துகளும் வௌவால் எச்சமும் ஒட்டிப் பூசிக்கொள்கிறது. தூரத்தில் பார்த்தால் சுவரில் அப்பிய ஒரு சேற்றுக் கட்டி. பக்கத்தில் போனால் அதிலிருந்து நூல்கள் பாறையில் விரிந்து கிடக்கும். வௌவால் எச்சத்தை நம்பிக் கரப்பானும் குகைச் சுவர்க்கோழியும், அவற்றை நம்பி இது. வௌவால் போய்விட்டால் இந்தச் சங்கிலி முழுக்க அறுந்துவிடும்.

சுற்றுலாவாக அந்தக் குகைக்குள் அழைத்துப் போய்க் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2019இல் மூடிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் பாதி, நிம்மதி பாதி. டார்ச்சோடு வரிசையில் போய்ப் பார்த்த பிள்ளைகள் அன்றைக்கே சிலந்திப் பைத்தியம் பிடித்துத் திரும்பியதைக் கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு மலைக்குள் அடைபட்டு வாழும் பிராணிக்கு ஆள் வராமல் இருப்பது கெடுதல் இல்லை.

கெடுதல் எங்கே வருகிறது என்றால் கல்லுடைப்பில். சுண்ணாம்புக்கல் மலை என்றால் சிமெண்டுக்காரர் கண்ணுக்கு மூலப்பொருள். ஈப்போ பக்கம் கந்தான் மலை இருக்கிறது. அதன் பாதியைக் குடைந்தாயிற்று. அங்கே 1997இல் பெயரிடப்பட்ட லிபிஸ்டியஸ் கந்தான் அந்த ஒரு மலையை நம்பியிருக்கிறது. காடு வெட்டினால் யானை பக்கத்துக் காட்டுக்குப் போகும், போகிற வழியில் தோட்டத்தை மிதித்தாவது போகும். மலையைத் தரைமட்டமாக்கினால் இந்தச் சிலந்தி எங்கும் போகாது. அப்புறம் வளர்ப்புப் பிரியர்கள். அபூர்வச் சிலந்தி சேகரிப்போருக்கு லிபிஸ்டியஸ் என்றால் தனி மோகம், பொந்தோடு பெயர்த்தெடுத்து விற்கிறவர்கள் உண்டு. ஒரே மேட்டில் ஒரு முழு ஊரும் குடியிருப்பதால், ஓர் இரவில் ஓர் ஆள் அந்த ஊரையே காலி செய்துவிடலாம். அதனால்தான் மேலே நான் எந்தப் பாதை, எந்த வளைவு என்று எழுதவில்லை.

இவற்றை "வாழும் புதைபடிவம்" என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லில் முழுச் சம்மதமில்லை. வம்சம் பழையது என்பது உண்மை. பிரான்சில் மோன்ஸோலேமீன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 30 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு புதைபடிவத்தை 1996இல் செல்டன் என்ற ஆய்வாளர் விவரித்தார். பேலியோத்தீலி என்று இப்போது பெயர். வயிற்றில் தகடு, நடுவயிற்றில் நூல்காம்பு, எல்லாம் இவற்றின் சாயல். டைனோசர்கள் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் இன்றைக்கு உயிரோடு இருக்கும் இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தது அவ்வளவு பழங்கதை இல்லை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. பழைய வீட்டில் புதிதாகப் பிறந்த பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையது என்றால் அரைகுறை என்ற எண்ணமும் தப்பு. நெடுநாளாக இவற்றுக்கு விஷச் சுரப்பியே இல்லை என்றுதான் புத்தகங்களில் எழுதிவந்தார்கள். 2010இல் ஃபீலிக்ஸ், எர்ப் என்ற இருவர் நுணுக்கிப் பார்த்து, இருக்கிறது என்று காட்டினார்கள். சின்னதாக இருந்ததால் முன்னால் பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை. கடித்தால் ஆபத்தா என்று அடுத்து கேட்பீர்கள்: ஆளைக் கண்டால் கதவை உள்ளிருந்து நகத்தால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பிராணி இது. பொந்துக்குள் விரலை விடாதவரை உங்களுக்கும் அதற்கும் வழக்கில்லை.

கண்மாய்க் கரைப் பொந்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மூடியைச் சுற்றி விசிறி நூல் இருக்கிறதா பாருங்கள். இருக்காது. மூடியும் பல சமயம் தடித்து, தக்கை மாதிரி வாயில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். அது உங்கள் ஊர்க்காரர், அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். லிபிஸ்டியஸைப் பார்க்க ஆசையென்றால் இருட்டுக் குகை திறக்கக் காத்திருக்க வேண்டாம். மலேசியாவில் ஈரமான ஒரு மலைப்பாதை, பொழுது சாய்ந்த நேரம், முழங்கால் உயரத்து மண்மேடு, சாய்வாக அடித்த டார்ச். மூடியைக் குச்சியால் நெம்பாதீர்கள். கீல் பிய்ந்தால் இரவெல்லாம் அதற்கு வேலை. முதல் கதவு கண்ணில் பட அரைமணி நேரம் ஆகும். அதற்கப்புறம் அதே மேட்டில் பத்துப் பதினைந்து தெரிய ஆரம்பிக்கும், பெரிய மூடி ஒன்றைச் சுற்றிச் சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்ன மூடிகள்.